தே தாரேக்கில் தொடங்கும் சீனிக் கணக்கு

ஒருவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் சீனி, அவருடைய மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டி. இருபதில் ஒரு பங்காக, 25 கிராமுக்குள் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்றும் அந்த நிறுவனம் சேர்த்துச் சொன்னது. கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் இந்த அளவு பெரும்பாலும் தட்டில் மீறப்படுவதில்லை, குவளையில்தான் மீறப்படுகிறது. மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயில் தொடங்கி செமிலிங், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வரை காலையில் கடை திறந்ததும் முதலில் கலக்கப்படுவது தேத்தண்ணீர்தான். அதனால் சீனியைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர் கணக்கை அங்கிருந்து தொடங்குவதே முறை.

எந்தச் சீனி கணக்கில் வரும்?

எல்லா இனிப்பும் ஒன்றல்ல. சமைப்பவரோ, தொழிற்சாலையோ, சாப்பிடுபவரோ தம் கையால் சேர்க்கும் சீனி அந்த 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். தேன், சிராப், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள இனிப்பும் அதே கணக்கில் சேரும். கருப்பட்டி, வெல்லம், மலாய்க்காரர்கள் செண்டோலில் ஊற்றும் கூலா மெலாக்கா, கரும்புச் சாறு எதற்கும் விலக்கு இல்லை. நிறம் கருத்திருப்பதால் இவை உடலுக்குள் வேறு விதமாக நடந்துகொள்வதில்லை.

முழுப் பழத்தில் இயற்கையாக உள்ள இனிப்பும் பாலில் உள்ள லாக்டோசும் இந்த வரம்பில் சேரா. கொய்யாவைக் கடித்துத் தின்னும்போது அதன் நார், இனிப்பை மெதுவாகவே இரத்தத்துக்குள் விடுகிறது, வயிறும் நிறைகிறது. அதே பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் போய்விடும். மூன்று பழத்தின் இனிப்பு மூன்று மடக்கில் உள்ளே இறங்கிவிடும். பழம் நல்லது என்பதால் பழச்சாறும் நல்லது என்று நினைப்பது பரவலான தவறு.

வெள்ளைச் சீனி என்பது குளுக்கோசும் ஃபுருக்டோசும் சேர்ந்த சுக்ரோஸ். குடலில் அது இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் ஏற, கணையம் இன்சுலினைச் சுரந்து அதை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. ஃபுருக்டோசைப் பெரும்பாலும் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் வருவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். திரவமாக வரும் சீனி விரைவாக ஏறுவதோடு பசியையும் அடக்குவதில்லை. இரண்டு கேசரித் துண்டு சாப்பிட்டவர் அடுத்த வேளையில் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுவார். பால் கலந்த ரோஜாச் சிராப்பான பண்டோங்கை இரண்டு குவளை குடித்தவர் அப்படிக் குறைப்பது அரிது.

கரும்புக்காக வந்தவர்கள்

மலாயாத் தமிழர் வரலாற்றில் சீனி பழைய பெயர். மூடா ஆற்றுக்குத் தெற்கே, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்களைத் திறந்தபோது, அங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, கரும்பு பின்வாங்கியது. கெடாவின் தென்பகுதியிலும் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. கரும்பு வெட்டிய சமூகம் பால்மரம் வெட்டும் சமூகமானது.

பால்மரத் தொழிலாளியின் நாள் விடியுமுன்னே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கும். வரக்கோப்பியோ தேத்தண்ணீரோ குடித்துவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நூற்றுக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்துக் கொட்டடி வரை சுமக்க வேண்டும். கோப்பியில் இருந்த சீனி அந்த நடையிலேயே செலவாகிவிடும். 1980களிலும் அதற்குப் பின்னும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்கும், 1996இல் தொடங்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வேலைக்குப் போனார்கள். நடை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. வெயில் போய் ஷிப்டு வந்தது. குவளையில் விழும் சீனி மட்டும் அப்படியே நின்றது, சில வீடுகளில் கூடியது.

டின் பால் எனப்படும், சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய பாலும் இந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வந்ததுதான். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் கெடாமல் இருந்ததால் மலாயா முழுவதும் அது பரவியது. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குழந்தைகளுக்கும் அதைக் கரைத்துக் கொடுத்தார்கள். அதனால் குழந்தைகள் நோயுற்று இறப்பதைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிட்டு உரையாற்றினார். குழந்தைகளின் புட்டியிலிருந்து பின்னாளில் டின் பால் விலகினாலும் பெரியவர்களின் தேநீரில் நிலைத்துவிட்டது.

எண்கள் சொல்வது

மலேசியச் சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி, 2006இல் பெரியவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய், அதாவது நீரிழிவு, இருந்தது. 2011இல் அது 15.2, 2015இல் 17.5, 2019இல் 18.3 விழுக்காடானது. 2023 ஆய்வில் 15.6 ஆகக் குறைந்தது. ஆனால் நோய் உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

மாநில வாரியாகப் பார்த்தால், 2015 ஆய்வில் கெடாவே முதலிடத்தில் இருந்தது: 25.4 விழுக்காடு. இன வாரியாக 2019இல் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

இதற்குச் சீனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தெற்காசிய மரபினருக்கு உடல் எடை அதிகம் ஏறாத நிலையிலேயே வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து இன்சுலின் வேலை மந்தமாகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டக்கூடாது. ஏற்கெனவே இப்படிச் சாய்ந்திருக்கும் உடலில் குவளை குவளையாகச் சீனி சேரும்போது நோய் விரைந்து வருகிறது.

ஒரு குவளைக்குள்

தேநீர்க் கடைக்காரர் கலக்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் கணக்கு புரிந்துவிடும். கண்ணாடிக் குவளையின் அடியில் முதலில் டின் பால் விழுகிறது. அது கெட்டியாக இருப்பதால் கரண்டி எப்போதும் குவிந்தே இறங்கும். மேலே துணி வடிகட்டியிலிருந்து கடுஞ்சாயம் ஊற்றப்படுகிறது. பிறகு இரண்டு பாத்திரங்களுக்கிடையே உயர இழுத்து ஆற்றும்போது நுரை எழுகிறது. தே தாரேக் என்ற பெயரைத் தந்த அந்த இழுப்பு சீனியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எல்லாம் அடியில் விழுந்தபோதே முடிவாகிவிட்டது.

ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். அதில் கிட்டத்தட்டப் பாதி சீனி. இரண்டு கரண்டி போட்டால் 20 கிராம், நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். சில கடைகளில் இதற்கு மேலும் ஒரு கரண்டி சீனி விழும். நாளுக்கு 25 கிராம் என்ற அளவை நாடுபவருக்குப் பசியாறும் வேளையிலேயே அந்த நாள் முடிந்துவிட்டது.

வழக்கமான ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் ரொட்டி சானாயோடு ஒரு தே. பத்து மணி இடைவேளையில் டின் பால் ஊற்றிய மைலோ. மதியச் சோற்றோடு ஐஸ் சிராப். கட்டிச் சிராப்பில் பாதிக்கு மேல் சீனிதான். மாலையில் கறிபாப்பும் இன்னொரு தேயும். ஒவ்வொன்றும் 20 கிராம் என்று வைத்தாலே 80 கிராம், பதினாறு தேக்கரண்டி. இதில் ஒரு துண்டு இனிப்புப் பலகாரம்கூடச் சேரவில்லை. “நான் இனிப்பே சாப்பிடறதில்ல” என்று மருத்துவரிடம் சொல்பவர் பொய் சொல்வதில்லை. குடிப்பதை அவர் இனிப்பாகக் கருதுவதில்லை, அவ்வளவுதான்.

குவளைக்கு வெளியிலும் சீனி ஒளிந்திருக்கிறது. இனிப்புச் சோயா சாஸ், சில்லி சாஸ், தக்காளி சாஸ், நாசி லெமாக்கின் சம்பல், பசம்போர் மேல் ஊற்றும் குழம்பு என எல்லாவற்றிலும் அது உண்டு. கோப்பித் தூளிலும் கொஞ்சம் இருக்கும். இந்நாட்டின் பாரம்பரியக் கோப்பிக் கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கப்படுகிறது. ஆனால் இவற்றின் அளவு நாள் முழுதும் குடிக்கும் பானங்களோடு ஒப்பிடச் சிறியது. முதலில் பெரியதைக் குறைத்துவிட்டுப் பிறகு சிறியதற்கு வரலாம்.

விலையும் வரியும்

மலேசியாவில் சீனி நெடுங்காலம் அரசு உதவித்தொகையோடு விற்கப்பட்ட பொருள். 2013 அக்டோபர் 26இல் கிலோவுக்கு 34 சென் என்றிருந்த அந்த உதவித்தொகை நீக்கப்பட்டது. மக்களிடையே பெருகும் நீரிழிவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இருந்த காலந்தொட்டே, சீனிக்கு எதிராக இடைவிடாமல் பேசிவந்த அமைப்பு.

2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் அது 50 சென்னாகவும், 2025இல் தொடங்கிய உயர்வில் 90 சென்னாகவும் ஏறியது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்கள் இதில் அடங்கும். சுவையூட்டிய பாலுக்கு 7 கிராம், பழச்சாறுக்கு 12 கிராம் எல்லை. வரியைத் தவிர்க்க நிறுவனங்கள் பல பானங்களில் சீனியைக் குறைத்தன. அது நல்ல பலன்.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 100 மில்லிலிட்டரில் சரியாக 5 கிராம் உள்ள பானத்துக்கு வரி இல்லை. ஆனால் அதையே 500 மில்லிலிட்டர் புட்டியில் வாங்கிக் குடித்தால் 25 கிராம் சீனி உள்ளே போய்விடும். வரி இல்லை என்பதற்குச் சீனி இல்லை என்று பொருளல்ல. மேலும் கடைக்காரர் கையால் கலக்கும் தேநீரை இந்த வரி தொடுவதே இல்லை. அந்தக் குவளைக்குக் காவல் குடிப்பவர்தான்.

புட்டியின் பின்புறம் மலாயில் ‘ஜும்லா கூலா’ என்றிருக்கும் வரியைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஓர் எண்ணும் ஒரு பரிமாறலுக்கு ஓர் எண்ணும் இருக்கும். ஒரு புட்டி இரண்டு பரிமாறலாகப் போடப்பட்டிருந்தால், முழுவதையும் குடிப்பவர் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். அதை ஐந்தால் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்பது தெரிந்துவிடும்.

கடையில் கேட்கும் முறை

கெடாவில் சீனியைக் குறைப்பதற்குத் தனியான உணவுத் திட்டம் தேவையில்லை. கடையில் கேட்கும் முறையை மாற்றினாலே பெரும்பகுதி நடந்துவிடும். ‘தே’ என்றால் டின் பால் சேர்ந்தது. ‘தே ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத ஆவிப்பால், ஆனால் சீனி தனியாக விழும். ‘கொசோங்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் சீனி நிற்கும். பால் இல்லாமல் முடியாதவருக்கு ‘தே சி கொசோங்’ நல்ல வழி. பால் வேண்டாதவருக்கு ‘தே ஓ கொசோங்’. ‘குராங் மானிஸ்’ என்றால் இனிப்புக் குறைவு என்று பொருள். எவ்வளவு குறைவு என்பது கலக்குபவர் கையைப் பொறுத்தது. “அண்ணே, டின் பால் ஒரு கரண்டி போதும்” என்று சொல்வது இன்னும் திட்டவட்டமானது.

ஒரே நாளில் கொசோங்குக்கு மாறுபவர்களில் பலர் சில நாள்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். படிப்படியாக இறங்குவது நிலைக்கும். முதல் வாரம் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கலாம், அடுத்து ஒன்றாக்கலாம், பிறகு தே சி குராங் மானிசுக்குப் போகலாம். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்கிறது. பழகிய பிறகு பழைய தே திகட்டும். குவளையின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. நாளுக்கு நான்கு தே குடிப்பவர் இரண்டைப் பச்சைத் தண்ணீராக மாற்றினால் 40 கிராம் சீனி கழிந்துவிடும்.

செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரை உள்ளடக்கவில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவாகப் பயன்படுத்தலாம்.

தட்டும் கருவாடும்

சீனியைக் குறைத்துவிட்டுச் சோற்றை மலையாகப் போட்டுக்கொண்டால் இரத்தச் சர்க்கரை இறங்காது. சோற்றின் மாவுச்சத்தும் கடைசியில் குளுக்கோசாகத்தான் மாறுகிறது. ஒரு கோப்பை வெந்த சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும். நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவில் சோற்றை விடச் சொல்ல முடியாது, அளவுதான் கேள்வி. சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை எளிது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். முருங்கைக்கீரைப் பிரட்டல், கத்தரிக்காய்க் குழம்பு, வெண்டைக்காய், பயற்றங்காய் எல்லாம் இந்தப் பாதிக்குப் பொருந்தும்.

தஞ்சோங் டாவாய்ப் படகுகள் கொண்டுவரும் கெம்போங் மீனும் நெத்திலியும் புரதத்துக்கு மிகவும் நல்லவை. ஆனால் அந்த ஊர் பெயர் வாங்கியது கருவாட்டுக்கும் பிளாச்சான் என்னும் இறால் விழுதுக்கும். இரண்டிலும் உப்பு மிகுதி. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு இரத்தக் கொதிப்பும் கூடவே இருப்பதால், நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற எல்லையையும் மறக்கக்கூடாது. அன்றாடம் பச்சை மீன், எப்போதாவது ஊறவைத்துக் கழுவிய கருவாடு என்பது பொருத்தமான ஏற்பாடு.

பண்டிகை நாள்கள்

தீபாவளியின் அதிரசமும் நெய் உருண்டையும், பொங்கல் நாளின் சர்க்கரைப் பொங்கலும் ஆண்டில் சில நாள்களுக்கு உரியவை. அன்றாடக் கணக்கு சரியாக இருப்பவருக்கு இவற்றால் பெருங்கேடு வராது. ஒரு வீட்டில் ஒரு பலகாரம், கூடவே குடிக்கக் கொசோங் அல்லது தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், பத்து வீடு சுற்றினாலும் பானத்தின் சீனி சேராது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சிராப்போடு மோரும் வெறும் தண்ணீரும் வைத்தால், வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். உபசரிப்புக்கும் அதனால் குறைவில்லை.

மருந்து எடுப்பவர்கள், பரிசோதனை

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களும் உணவையும் சீனியையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உணவை மாற்றுமுன் மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம்.

நோய் தெரியாதவர்கள் 30 வயதைத் தாண்டியதும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பருமன் உள்ளவர்களும் பெற்றோருக்கு நோய் இருப்பவர்களும் அதற்கு முன்பே பார்க்கலாம். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்க முடியும். இரவு முழுதும் சாப்பிடாமல் எடுக்கும் இரத்தத்தில் லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் அது நீரிழிவின் அளவு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் மலேசிய வழிகாட்டி 6.3 விழுக்காட்டை எல்லையாகக் கொள்கிறது. 5.7 முதல் 6.2 வரை இருப்பது நோய்க்கு முந்தைய நிலை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே சோதனையை வைத்து முடிவு செய்வதில்லை. மீண்டும் ஒருமுறை பார்த்தே உறுதிப்படுத்துவார்கள். முந்தைய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பலர் எடையைக் குறைத்து, தினமும் நடந்து, பானங்களின் சீனியை விட்டு நோயைத் தள்ளிப்போட முடிகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் குவளையில் செய்த மாற்றம் எண்ணில் தெரியவரும்.